80 மி.மீ. சுவருக்குள் 3 பேர்: ‘மத்ஸ்யா 6000’ ஏன் அவசரப்படக் கூடாது?

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் செல்போனைக் குறுக்காக அளந்து பாருங்கள். அகலம் சுமார் 7.5 செ.மீ. இருக்கும். அதைவிட ஒன்றிரண்டு நூல் கூடுதலாக, 8 செ.மீ. கனத்தில் ஓர் உலோகச் சுவர். சுவருக்கு வெளியே, தலைக்கு மேல் 6 கிலோமீட்டர் உயரத்துக்குக் கடல். சுவருக்கு உள்ளே 3 பேர்.

இதுதான் இந்தியாவின் ‘மத்ஸ்யா 6000’ ஆழ்கடல் கலம். ‘சமுத்ரயான்’ என்ற பெயரில் அடிக்கடி செய்திகளில் வருகிறதே, அந்தத் திட்டத்தின் கதாநாயகன்.

இதை உருவாக்குவது வெளிநாட்டு கம்பெனி இல்லை. சென்னை வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக என்ஐஓடி. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிற பலருக்கு, உள்ளே நடப்பது இந்த வேலைதான் என்று தெரியாது.

தேதிகள் தள்ளிப்போகும்போதெல்லாம் சோஷியல் மீடியாவில் ஒரு கேள்வி வரும்: ‘நிலவுக்கே போய்விட்டோம், கடலுக்குள் போக இவ்வளவு நேரமா?’ நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கான பதில் அந்த 8 செ.மீ. சுவருக்குள் இருக்கிறது.

சப்மரின் வேறு, இது வேறு

கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் தானாகவே துறைமுகத்திலிருந்து கிளம்பும், வாரக்கணக்கில் கடலில் சுற்றும், திரும்பி வரும். ஆனால், அது இறங்கும் ஆழம் சில நூறு மீட்டர்தான். அதற்குக் கீழே போனால் அதன் உடல் தாங்காது.

மத்ஸ்யா போன்ற கலம் இதற்கு நேர்மாறு. அதனால் நீண்ட தூரம் பயணம் செய்ய முடியாது. ‘சாகர் நிதி’ போன்ற ஒரு தாய்க்கப்பல் அதைச் சுமந்துகொண்டு நடுக்கடலுக்குப் போய், கிரேன் மூலம் நீரில் இறக்கிவிட வேண்டும். வேலை முடிந்ததும் தூக்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை, நேராகக் கீழே போய், பார்த்து, எடுத்து, மேலே வருவது. ஆனால் எவ்வளவு கீழே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

6,000 மீட்டர் என்றால் எவ்வளவு?

ஒரு சின்ன அளவுகோல்:

40 மீட்டர்: பொழுதுபோக்கு ஸ்கூபா டைவிங்கின் எல்லை.
200 மீட்டர்: சூரிய ஒளி பெரும்பாலும் முடிந்துவிடும் இடம்.
923 மீட்டர்: 1934-ல் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் ஓர் இரும்புக் கோளத்துக்குள் உட்கார்ந்து, கேபிளில் தொங்கியபடி பெர்முடா அருகே இறங்கிய ஆழம்.
3,800 மீட்டர்: டைட்டானிக் கப்பல் கிடக்கும் இடம்.
6,000 மீட்டர்: மத்ஸ்யாவின் இலக்கு.
10,900 மீட்டருக்கு மேல்: பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழி. 1960-லேயே ‘ட்ரியஸ்ட்’ கலத்தில் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் இதன் அடியைத் தொட்டுவிட்டார்கள்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், நாம் தரையில் உணரும் காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு மடங்கு அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் அது சுமார் 600 மடங்கு. அதாவது, உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தில் 600 கிலோ. 3 புல்லட் பைக்குகளை அடுக்கி நகத்தின் மேல் வைத்தது போல.

மத்ஸ்யாவின் கோளம் முழுவதற்கும் கணக்குப் போட்டால், எல்லாப் பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சம் டன் விசை அதை நசுக்கப் பார்க்கும். அதுவும் ஒரு நொடி இல்லை, அங்கே இருக்கும் பல மணி நேரமும்.

ஏன் உருண்டை? ஏன் டைட்டானியம்?

முட்டையை உள்ளங்கையில் வைத்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்திப் பாருங்கள். எளிதில் உடையாது. அதே முட்டையைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் போதும். உருண்டையான வடிவம், அழுத்தத்தைத் தன் உடல் முழுக்கச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். மூலை, விளிம்பு, தட்டையான பக்கம் எது இருந்தாலும் அங்கே சுமை குவியும். அதனால்தான் அமெரிக்காவின் ‘ஆல்வின்’, பிரான்ஸின் ‘நாட்டீல்’, ஜப்பானின் ‘ஷின்காய் 6500’ என எல்லா முக்கிய ஆழ்கடல் கலங்களிலும் ஆட்கள் உட்காரும் பகுதி கோளமாகவே இருக்கிறது.

மத்ஸ்யாவின் கோளத்துக்கு உள் விட்டம் 2.1 மீட்டர். உயரமான ஒருவர் நடுவில் நின்றால் தலை தட்டாது. ஆனால் 3 பேரும், கருவிகளும், ஆக்சிஜன் சிலிண்டர்களும் சேர்ந்தால் ஷேர் ஆட்டோ மாதிரிதான். சாதாரணமாக 12 மணி நேரப் பயணம்.

டைட்டானியத்தைத் தேர்வு செய்யக் காரணம் எடை. எஃகைவிட ஏறத்தாழ 40 சதவீதம் லேசானது. உறுதியில் நல்ல எஃகுக்குச் சளைக்காதது. உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது. மத்ஸ்யாவுக்குப் பயன்படுவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். விமான இன்ஜின்களிலும் எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்களிலும் இருக்கும் அதே குடும்பம்.

சிக்கல் என்னவென்றால், இது சொன்ன பேச்சைக் கேட்காத உலோகம்.

ஒரு வெல்டிங்குக்கு 700 ஒத்திகை

கோளத்தை ஒரே துண்டாக வார்க்க முடியாது. இரண்டு பாதிகளாகச் செய்து, தேங்காய் மூடிகளை மறுபடி சேர்ப்பது போல ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு, சுற்றளவில் சுமார் 7.1 மீட்டர் நீளம், 80 மி.மீ. ஆழம். அந்தக் கோட்டில் எங்கேயோ ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டாலும், 1 லட்சம் டன் விசை தேடிப் போவது அந்த இடத்தைத்தான்.

நம் தெரு வெல்டிங் பட்டறையில் செய்வது போல டைட்டானியத்தைத் திறந்தவெளியில் பற்றவைக்க முடியாது. சூடான டைட்டானியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு, பிஸ்கட் மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எனவே காற்றே இல்லாத அறைக்குள் வைத்து, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி உருக்கி இணைக்க வேண்டும்.

இந்த வேலையில் கை கொடுத்தது இஸ்ரோ. ராக்கெட்டுகளுக்கான டைட்டானியத் தொட்டிகளைப் பற்றவைத்துப் பழகிய அதன் திரவ உந்துவிசை அமைப்புகள் மையத்துக்கும், இந்தக் கனம் புதிது. சுமார் 700 சோதனை வெல்டிங்குகளுக்குப் பிறகே 2025-ல் கோளத்தின் பாதிகளை இணைத்தார்கள்.

700 முறை என்பது வெளியிலிருந்து பார்க்க தாமதம் போலத் தெரியும். உள்ளே உட்காரப் போகும் 3 பேரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

டைட்டன்: அவசரத்தின் விலை

2023 ஜூன் 18. டைட்டானிக் கப்பலைப் பார்க்க 5 பேரோடு இறங்கிய ‘டைட்டன்’ கலத்தின் தொடர்பு, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அறுந்தது. ஆக்சிஜன் இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று உலகமே 4 நாள் கணக்குப் போட்டது. உண்மையில், சுமார் 3,300 மீட்டர் ஆழத்தில் கலம் நசுங்கியபோதே எல்லாம் முடிந்துவிட்டது. நடந்தது என்ன என்று உள்ளே இருந்தவர்களின் மூளை உணர்வதற்கும் முன்பே.

டைட்டனின் சுவர் எவ்வளவு கனம் தெரியுமா? ஏறத்தாழ 13 செ.மீ. மத்ஸ்யாவைவிட அதிகம். இறங்க வேண்டிய ஆழமோ குறைவு. பிறகு ஏன் நசுங்கியது?

முதல் காரணம், வடிவம். டைட்டன் உருண்டை இல்லை, உருளை. அதிக ஆட்களை ஏற்றலாம் என்பதற்காக. ஆனால் உருளை, கோளம் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்காது.

இரண்டாவது, பொருள். அதன் உடல் கார்பன் ஃபைபர். இழுக்கும் விசைக்கு இது கில்லாடி. விமானங்களிலும் தூண்டில் கம்புகளிலும் இருப்பது இதனால்தான். ஆனால் வெளியிலிருந்து நசுக்கும் விசை வேறு. அடுக்கடுக்காகச் சுற்றி ஒட்டிய நார், ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: எச்சரிக்கைகளை எப்படிக் கையாண்டார்கள் என்பது. கலத்தை சுயேச்சையான முகமை எதுவும் சோதித்துச் சான்று தரவில்லை. சான்றளிப்பு நடைமுறை புதுமையின் வேகத்தைக் குறைக்கும் என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. 2018-லேயே துறை வல்லுநர்கள் 30-க்கும் மேற்பட்டோர் கவலை தெரிவித்துக் கடிதம் தயாரித்தார்கள். 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலே வரும்போது ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டது. உடலில் பொருத்தியிருந்த சென்சார்களின் அளவுகளும் அதன் பிறகு மாறின. ஆனாலும் கலம் மறுபடி இறக்கப்பட்டது. இந்த மரணங்கள் தவிர்த்திருக்கக் கூடியவை என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் சொன்னது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1964-ல் அறிமுகமான ஆல்வின் 5,000 முறைக்கு மேல் கடலுக்குள் போய் வந்திருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிச் சோதித்த பிறகுதான் மீண்டும் இறக்குவார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஆட்களை உயிரோடு திரும்பக் கொண்டுவருவது அந்தச் சலிப்பூட்டும் வேலை.

இறங்குவது எப்படி, ஏறுவது எப்படி?

இன்ஜினை முடுக்கி யாரும் 6 கிலோமீட்டர் இறங்குவதில்லை. பேட்டரி அதற்கே காலியாகிவிடும். இறங்கும்போது பாரத்தைக் கூட்டி, கல் மாதிரி மெதுவாக மூழ்குவார்கள். நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தாலும், அடியைத் தொட 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே மோட்டார்களை இயக்கிச் சில மணி நேரம் வேலை. பிறகு பாரத்தை உதிர்த்துவிட்டால், கலம் தானாக மேலே மிதந்து வரும்.

மிதக்க வைப்பது ஒரு விசேஷமான நுரை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் கலந்து கட்டியாக்கிய பொருள் அது. சாதாரண தெர்மாகோல் அந்த ஆழத்தில் சப்பையாகிவிடும், இது நசுங்காது.

கீழே செல்போன் சிக்னலும் இல்லை, ஜிபிஎஸ்-ஸும் இல்லை. ரேடியோ அலை கடல்நீரில் சில மீட்டருக்குள் மடிந்துவிடும். பேச ஒரே வழி ஒலி. தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். அடியிலிருந்து ‘ஹலோ’ சொன்னால் மேலே கேட்க 4 நொடி, பதில் வந்து சேர இன்னொரு 4 நொடி.

ஆபத்து அடியில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1968-ல் ஆல்வினை நீரில் இறக்கும்போது கேபிள் அறுந்தது. உள்ளே இருந்த 3 பேரும் வெளியேறித் தப்பினார்கள்; கலம் மட்டும் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. மறு ஆண்டு அதை மீட்டபோது, உள்ளே விட்டுவிட்டு வந்த சாண்ட்விச்கள் நனைந்திருந்தனவே தவிர கெட்டுப்போகவில்லை. ஆழ்கடல் அவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

ஏதாவது சிக்கல் வந்தால், மத்ஸ்யாவில் 96 மணி நேரத்துக்கு உயிர்காப்பு வசதி இருக்கும். ஆக்சிஜன் தருவது பாதி வேலைதான். மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை ரசாயனம் மூலம் உறிஞ்சிக்கொண்டே இருப்பது மீதிப் பாதி.

ஆனால் 96 மணி நேரம் என்றதும் யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று கணக்குப் போடக் கூடாது. 1973-ல் அயர்லாந்து அருகே ‘பைசஸ் 3’ என்ற கலம் 2 பேரோடு 480 மீட்டர் ஆழத்தில் சிக்கியது. பல நாடுகள் ஓடிவந்து, 76 மணி நேரத்துக்குப் பிறகு மேலே இழுத்தபோது உள்ளே மிச்சமிருந்தது 12 நிமிடத்துக்கான ஆக்சிஜன். அது வெறும் 480 மீட்டர். 6,000 மீட்டர் ஆழத்துக்கு உடனே போய் இழுத்து வரும் ‘ஆம்புலன்ஸ்’ பக்கத்தில் எங்கும் நிற்பதில்லை.

எனவே இத்தகைய கலங்களின் தத்துவம் எளிமையானது: தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனாலும் பாரம் கழன்று விழ வேண்டும். வலையிலோ பாறையிலோ கை மாட்டிக்கொண்டால், அந்த ரோபோ கையையே வெட்டிவிட்டு மேலே வர முடிய வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி, அதுவும் போனால் மூன்றாவது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கவே மாதங்கள் பிடிக்கும்.

ரோபோவே போகலாமே, மனிதர் எதுக்கு?

ஆள் இல்லாமல் போகும் கருவிகள் என்ஐஓடியிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கேபிளில் இணைத்து மேலிருந்து இயக்கும் ‘ரோசப் 6000’ 2010-லேயே 5,289 மீட்டர் ஆழத்துக்குப் போனது. தாமிரம், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் கலந்த கனிம உருண்டைகளைச் சேகரிப்பதற்கான ‘வராஹா’ வாகனம் 2021-ல் 5,270 மீட்டரில் ஓடிப் பார்த்தது. தானாக நீந்தும் ‘ஓஎம்இ 6000’, 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலின் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தது.

ஆக, படம் எடுக்க, மண் அள்ள மனிதர் தேவையில்லை. செலவும் ஆபத்தும் குறைவு என்பது ரோபோ தரப்பின் வலுவான வாதம். நேரில் போகிறவர் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தவுடன் கலத்தைத் திருப்பி, அங்கேயே முடிவெடுக்க முடியும் என்பது மறுதரப்பு வாதம். 1977-ல் காலபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றைச் சுற்றி ஓர் உயிர் உலகமே இருப்பது தெரியவந்தபோது இரண்டுமே உதவின. இழுத்துச் செல்லப்பட்ட கேமரா தடயம் காட்டியது. ஆல்வினில் இறங்கியவர்கள் நேரில் பார்த்து உறுதி செய்தார்கள்.

மூன்றாவது காரணமும் உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டி, மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் கனிம உருண்டைகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. இதற்காக சர்வதேச கடற்படுகை ஆணையத்துடன் 2002-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இது ஆராய்ச்சிக்கான உரிமை மட்டுமே. தோண்டி எடுப்பதற்கான சர்வதேச விதிகள் இன்னும் இறுதியாகவில்லை. அந்த உருண்டைகள் 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பெரு நாட்டு அருகே 1989-ல் ஆய்வுக்காகக் கடலடியை உழுத தடங்கள், 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தன. எடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், அங்கே என்ன வாழ்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மத்ஸ்யாவின் உண்மையான பயன் அங்கேதான் இருக்க முடியும்.

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

2021 ஜூன்: 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல்.

2021 அக்டோபர்: சாதாரண எஃகில் செய்த அதே அளவு கோளம், ‘சாகர் நிதி’ கப்பலிலிருந்து வங்கக் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிச் சோதனை.

2025 ஜனவரி - பிப்ரவரி: சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகத்தில் மத்ஸ்யாவை நீரில் இறக்கி, ஆள் இல்லாமலும் ஆட்களோடும் சோதனை. மிதக்கும் திறன், மின்சாரம், உயிர்காப்பு வசதி எல்லாம் சரிபார்க்கப்பட்டன. துறைமுகம் என்பதால் ஆழம் குறைவுதான்.

2025 ஆகஸ்ட்: என்ஐஓடி விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர், ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர். இருவரும் அட்லாண்டிக் பெருங்கடலில் பிரான்ஸின் நாட்டீல் கலத்தில் அடுத்தடுத்த நாட்களில் இறங்கிப் பயிற்சி பெற்றார்கள்.

முதலில் சொன்ன கணக்குப்படி, 2024-ன் நடுப்பகுதியிலேயே மத்ஸ்யா சோதனைக்குத் தயாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 500 மீட்டர் கடல் சோதனை, அதன் பிறகு டைட்டானியக் கோளத்தோடு ஆழமான சோதனைகள் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆட்களை இறக்கி 6,000 மீட்டரைத் தொடும் திறனை அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ், ஜப்பான், சீனா ஆகிய நாடுகளே இதுவரை காட்டியிருக்கின்றன. சீனாவின் ‘ஜியாலாங்’ கூட எடுத்த எடுப்பில் 7,000 மீட்டருக்குப் போகவில்லை. 2009 முதல் ஆண்டுதோறும் ஆழத்தைக் கூட்டிக்கூட்டித்தான் 2012-ல் அந்த இலக்கைத் தாண்டியது.

அடுத்த செய்தி வரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தாமதம் எல்லாமே பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லிவிட முடியாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் திட்டத்தின் கால அட்டவணையைக் கேள்வி கேட்பது சரிதான். ஆனால் ‘எப்போ இறங்கப் போறீங்க?’ என்பதோடு நிறுத்தாமல், இன்னும் சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோளத்தை இலக்கைவிட அதிகமான அழுத்தத்தில் வைத்துச் சோதித்தார்களா? சுயேச்சையான முகமையின் சான்று கிடைத்துவிட்டதா? ஆட்கள் ஏறுவதற்கு முன், ஆள் இல்லாமல் அதே ஆழத்துக்குப் போய் வந்ததா? சோதனையில் ஏதாவது சரியில்லை என்று தெரிந்தபோது, பயணத்தை நிறுத்தும் அதிகாரம் பொறியாளர்களிடம் இருந்ததா?

டைட்டன் விஷயத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.